தோசைக்கு மட்டும் ஏன் நேரமாகிறது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வரலாம், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எழுதித் தாருங்கள் என்று எங்கள் பக்கத்துத் தமிழ் நூலகத்தில் இருந்து ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. நோட்டு என்றால் பரவாயில்லை.

இந்த மழைக்காலத்தில் எங்கள் கோலியில், அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டில், பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு சண்டை நடந்தது. கம்ப்யூட்டர் சண்டை. அதில் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் முதல் வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. நானும் இளைய மகளும் இருக்கிறோம். அவளுக்கு வேலை செம்பூரில், இரண்டு அறை கொண்ட சின்னக் கம்பெனியில். மழையில் அந்த ஆபீஸ் கூரை ஒழுகியதால் எல்லோரும் வீட்டில் இருந்தே வேலை செய்தார்கள். இதற்கு முன்னால் இருந்த கம்பெனியை மூடியபோது இவள் எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டு மாதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த வேலையும் பர்மனென்ட் இல்லை. அந்த மாதக் கடைசியில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வதாக இருந்தார்கள்.

கம்பெனியின் வேலை பலகாரம். வீட்டில் பலகாரம் செய்து விற்கிற பெண்கள் தங்கள் போனில் பலகாரத்தின் பெயரைத் தமிழில் தட்டிப் போடுவார்கள். அதற்கு ஒரு பக்கம் உண்டு, பக்கத்துக்கு ஒரு விலாசம் உண்டு. அதை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். யாராவது அதைத் தொட்டால் பக்கம் திறக்க வேண்டும். திறந்தது. ஆனால் சில பக்கங்கள் திறக்க ரொம்ப நேரம் பிடித்தது. இட்லியைத் தொட்டால் உடனே வரும். தோசையைத் தொட்டால் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன், ஏழு எட்டு ஆகிவிடும். வாங்க வந்தவர்கள் அதற்குள் போய்விடுகிறார்கள் என்று கம்பெனியை நடத்துகிற அம்மாவுக்குக் கோபம்.

விலாசம் பார்த்து ஆளை அனுப்புகிற பகுதியை எழுதியது என் மகள். அதனால் எல்லோருடைய கையும் அவளைத்தான் காட்டியது.

கூட வேலை செய்கிற தம்பி ஒருவர், மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது. என் மகளும் அப்படித்தான். இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியது நாங்கள்தானே. அந்தத் தம்பி லேப்டாப்பில் இருந்து பேசுவார், இவள் தரையில் சம்மணம் போட்டுப் பதில் பேசுவாள். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்வேன். வேறு எங்கே போக?

முதலில் எனக்கு ரயில் பேச்சாகத்தான் பட்டது. ரூட் என்றார்கள். ரெகுலர் எக்ஸ்பிரஸ் என்று காதில் விழுந்தது. அது எக்ஸ்பிரஸ் இல்லை, எக்ஸ்பிரஷன் என்று பிறகு சொன்னாள். பிறகு மரம் மரம் என்றார்கள். என்ன எழவு இது என்று ஒரு நாள் காலையில் கேட்டே விட்டேன்.

"உம்மா, வாசல்ல ஒருத்தன் கையில லிஸ்ட்டோட நிக்கிதான்னு வச்சுக்கோ," என்றாள். "வாறவன் ஒரு பேரச் சொல்லுதான். இவன் லிஸ்ட்ட மேல இருந்து ஒவ்வொரு வரியா பாத்துட்டே வாறான். பேரு சேர்ந்துச்சுன்னா, இந்தா இந்த ரூமுக்குப் போன்னு அனுப்பிருவான். அதுக்குப் பேருதான் ரவுட்டிங்."

"எத்தன வரி?"

"நானூறு இருக்கும்."

"ஒரு வரியும் சேரலன்னா?"

"கடைசி வரி ஒண்ணு வச்சிருக்கேன். எதுவும் சேரலன்னா உள்ள போய் எல்லாப் பலகாரத்தையும் பொரட்டிப் பாத்து, கிட்டத்தட்ட இதத்தான் கேட்டிருப்பான்னு கண்டுபிடிச்சுக் குடுக்கும். தப்பா அடிச்சவன வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்லா."

மாட்டுங்காத் தம்பியின் கட்சி வேறு. அவர் சொன்னது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது, அத்தனை தடவை சொன்னார். பக்கங்களைக் கட்டுகிற சாரத்துக்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயராம். "நானூறு வரி, ஒவ்வொரு ஆளுக்கும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பாக்கறது பைத்தியக்காரத்தனம். இந்த ஃப்ரேம்வொர்க்கே பழசு. புதுசுல மரம் மாதிரி பிரிச்சு வெச்சிருக்கான். மொதல் எழுத்து என்ன, இந்தக் கிளை. ரெண்டாவது என்ன, அந்தக் கிளை. நாலு தாவல்ல ஆளப் புடிச்சுடலாம். நெட்ல டெஸ்ட் பண்ணிப் போட்டிருக்கான், பத்து மடங்கு ஃபாஸ்ட்."

"அந்த டெஸ்ட்டுல என்ன பக்கம் வச்சான்?" என்பாள் இவள். "ஹலோன்னு ஒரு வார்த்த சொல்லுத பக்கம். அதுல ரவுட்டிங்கத் தவிர வேற வேலையே கெடையாது. பத்து மடங்கு வரத்தான் செய்யும். நம்ம பக்கம் படம் எடுக்கணும், வெல பாக்கணும். நானூறு வரி பாக்க எவ்வளவு நேரம்ங்கிய? கண்ணச் சிமிட்டுதுக்குள்ள நூறு தடவ பாத்துரும்."

"அப்போ தோசை ஏன் படுத்துண்டு இருக்கு?"

"அதத்தான் தேடுதேன்."

"தேடுங்கோ தேடுங்கோ. மாவு புளிக்கட்டும்."

இப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. அவர் ஒரு கணக்கு எடுத்து அனுப்புவார், இவள் ஒரு கணக்கு எடுத்துத் திருப்பி அடிப்பாள். காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடும். எனக்கு முட்டியும் வலி, காதும் வலி. சுனாபட்டியில் இருக்கிற மூத்தவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துக் கிடக்கலாம் என்று பை கூட எடுத்து வைத்தேன். இவளைத் தனியே விட்டுப் போக மனசு வரவில்லை. சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். "புது ஃப்ரேம்வொர்க் வந்தா அவருக்குத்தான் அது தெரியும். எனக்கு என்ன வேல இருக்கு அங்க?" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியே நேரில் வந்துவிட்டார். மழையில் நனைந்து, குடையை வாசலில் வைக்க இடம் இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "ஆன்ட்டி, ரெண்டு பேரையும் சேத்து வெச்சுத் தீர்த்துடுங்கோ, எங்காத்துல காதே போச்சுங்கறா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் மூடிக்கொண்டேன். நல்ல பிள்ளை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. தான் சொல்வது சரி என்பதில் மட்டும் பிடிவாதம்.

மெதுவாகத் திறந்த பக்கங்களை எல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்தது. ஆனால் அதில் தமிழ் எழுத்து தமிழாக இருக்கவில்லை. சதவீதக் குறியும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக மூட்டை மூட்டையாக இருந்தது. அதை எதிலோ போட்டுத் தமிழாக்கிக் கொண்டு வந்திருந்தார். தமிழாக்கியும் என்ன பயன், இரண்டு பேருக்கும் அது படமாகத்தான் தெரிந்தது.

"உம்மா, இதெல்லாம் என்ன பலகாரம்னு வாசி," என்று மகள் போனை நீட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். கொழுக்கட்டை. தோசை. போளி. சோமாசு. கோதுமை அல்வா. கொண்டைக்கடலைச் சுண்டல். பொரிவிளங்காய். ரொட்டி.

"வேகமா வந்தது எதெல்லாம்?"

இட்லி. முறுக்கு. அதிரசம். பணியாரம். சீடை. பாசிப்பருப்பு உருண்டை.

தம்பி துள்ளினார். "பாத்தேளா! கொழுக்கட்டை, கொண்டைக்கடலை, எல்லாம் நீளம். ஒரு தமிழ் எழுத்து இதுல ஒம்பது எழுத்தாப் போயிடறது. நீளமான பேரை வரிக்கு வரி வெச்சுப் பாத்தா ஸ்லோ ஆகாம என்ன ஆகும்?"

"தோச எவ்வளவு நீளம்? ரெண்டே எழுத்துங்காவ உம்மா. பாசிப்பருப்பு உருண்ட என்ன குட்டையா? அது ஓடி வருதுல்லா?"

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாக வந்த பெயர்களை மறுபடி பார்த்தேன். கொ, தோ, போ, சோ, கோ, பொ, ரொ. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். வேகமாக வந்ததில் ஒன்றில் கூட அது இல்லை.

வாசலில் நிற்கிறவன் கையில் இருந்த லிஸ்டைத் தமிழில் தட்டிக் கொடுத்தது நான்.

மகளுக்குத் தமிழ் எழுத வராது என்று சொன்னேன் அல்லவா. ஆறு மாதம் முன்பு நானூறு பலகாரத்தின் பெயரையும் நான்தான் போனில் தட்டி, நாற்பது நாற்பதாக அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெருவிரல் வீங்கிப் போயிற்று. அவள் அதை அப்படியே எடுத்து லிஸ்டில் போட்டாள். ஆபீசில் கேட்டதற்கு, நானே செய்தேன், சரி பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டாள்.

முனிசிபல் பள்ளியில் எங்களுக்கு டீச்சர் 'கொ' எழுதச் சொல்லித் தந்தது மூன்று துண்டாக. ஒற்றைக்கொம்பு போடு, க போடு, துணைக்கால் போடு. போனில் எழுத்தை முதலில் தொட வேண்டும், பிறகு கொம்பு என்பது மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்தேன். க தொட்டு, கொம்பு தொட்டு, கால் தொட்டேன். பார்க்க 'கொ' என்றுதான் இருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை.

தம்பி போன பிறகு, மகள் சாமான் வாங்க இறங்கிய நேரத்தில் போனை எடுத்தேன். எழுத்துத் தட்டுகிற கட்டைகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் ஒரு நாளும் தொடாத ஓரத்தில் கொம்பும் காலும் சேர்ந்தே ஒரு கட்டை இருந்தது. அதைத் தொட்டு ஒரு 'கொ' போட்டேன். என் முறையில் ஒரு 'கொ' போட்டேன். இரண்டையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு ஒன்றே. பிறகு அழிக்கிற கட்டையைத் தொட்டேன். சேர்ந்த கட்டையில் போட்டதற்கு ஒரே தட்டலில் கொம்பு, கால் இரண்டும் போய் 'க' மட்டும் நின்றது. என்னுடையதற்குக் கால் மட்டும் போய் 'கெ' நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். அப்படியேதான்.

கண்ணுக்கு ஒன்றாக இருப்பது மெஷினுக்கு வேறாக இருக்கிறது. கொம்புக்கும் காலுக்கும் சேர்த்துப் பலகாரம் செய்கிற பெண்கள் ஒரே கட்டையைத் தொட்டிருக்கிறார்கள், நான் இரண்டைத் தொட்டிருக்கிறேன். அவர்கள் தோசை வேறு, என் தோசை வேறு. லிஸ்டில் சேராமல் கடைசி வரிக்குப் போய், உள்ளே எல்லாவற்றையும் புரட்டித் தேடி எடுத்துக்கொண்டு வருகிறது. அதுதான் அந்த ஏழு எட்டு.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. நானே செய்தேன் என்று அவள் ஆபீசில் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் சொன்னால் அவள் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். இரண்டில் எது சின்னது என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு நாளில் மறைவாக உட்கார்ந்து லிஸ்டை முதலில் இருந்து திருத்தித் தட்ட ஆரம்பித்தேன். கொ, கோ என்று ஐம்பது பெயர் முடிப்பதற்குள் விரல் மரத்துப் போனது.

திங்கள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து அவளை எழுப்பினேன். "ஏளா, அந்த லிஸ்ட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"உம்மா, பதினோரு மணிக்கு மீட்டிங். இப்ப எதுவும் பேசாத. கையெடுத்துக் கும்பிடுதேன்."

கும்பிட்டே விட்டாள். நான் தேயிலை போடப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு லேப்டாப்பில் கம்பெனி அம்மாவும் மாட்டுங்காத் தம்பியும் வந்தார்கள். அந்த அம்மா மராட்டிக்காரர், ஹிந்தியில்தான் பேச்சு. தம்பி தன் மரத்தைச் சொன்னார். என் மகள் தன் கணக்கைச் சொன்னாள். அந்த அம்மா கேட்டார், ரவுட்டிங்கில் கோளாறு இல்லை என்றால் எதில் இருக்கிறது? இவளால் சொல்ல முடியவில்லை. சரி, புது ஃப்ரேம்வொர்க்குக்கே போகலாம், நீங்கள் இந்த மாதக் கடைசியில் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மகள் சரி என்று தலையை ஆட்டினாள். அவள் கழுத்து எனக்குப் பின்பக்கம் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வோ லிஸ்ட் மைனே லிக்கா," என்றேன். அந்த லிஸ்டை எழுதியது நான்.

என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை. மகள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். "கோன் போலா?" யார் பேசியது என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு அதற்கு மேல் ஹிந்தி வரவில்லை. தமிழில் அந்தத் தம்பியைப் பார்த்துச் சொன்னேன், லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்தே, முகத்தைக் காட்டாமல். "தம்பி, 'கொ'வுல கொம்பயும் காலயும் நான் ரெண்டு துண்டாத் தட்டிட்டேன். நீங்க பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். அழிச்சுப் பாருங்க, தெரியும்."

"ஏக் மினிட், ஏக் மினிட்," என்றார் அவர். கட்டை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிரித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அரே ஆன்ட்டி! என் மரத்தை வெட்டிட்டேளே!" பிறகு ஹிந்தியில் அந்த அம்மாவுக்கு விளக்கினார். தன் கட்சி தோற்பதை மறைக்காமல் சொன்னார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ரவுட்டிங் சும்மாதான் இருக்கிறது, என் மகள் சொன்னதுதான் சரி என்றார். துண்டாக வருகிற எழுத்தைச் சேர்த்துப் படி என்று ஒரே ஒரு வரி எழுதினார்கள். தோசை வந்துவிட்டது. நான் ஒன்று எண்ணுவதற்குள் வந்துவிட்டது. மறைவாகத் தட்டிய என் ஐம்பது பெயருக்கும் வேலை இல்லாமல் போனது.

அந்த அம்மா என் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். லிஸ்ட் நானே செய்தேன் என்று சொன்னீர்களே? இனிமேல் வீட்டு ஆட்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்றார். மூன்று மாதம் நீட்டிக்கிறேன், பிறகு பார்க்கலாம். பர்மனென்ட் பற்றி வாயைத் திறக்கவில்லை.

லேப்டாப்பை மூடி வைத்தாள். சாப்பாடு போட்டேன், அன்றைக்குத் தட்டில் இருந்த முழுவதையும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்துதான் கேட்டாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"சனிக்கெழம."

"ரெண்டு நாளு வாய மூடிட்டு இருந்திருக்க."

"காலைல சொல்ல வந்தேன். நீ கும்பிட்ட."

"எங்கிட்ட தனியா சொல்லிருந்தா நானே சொல்லிருப்பேம்லா உம்மா. நான் சொல்லிருந்தா பர்மனென்ட் ஆக்கிருப்பா." கொஞ்சம் கழித்து, "நீ சொல்லலன்னா அந்த மூணு மாசமும் இல்ல," என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நேற்றுக் கூட லேப்டாப்பில் அந்தத் தம்பி, பலகாரம் ஆயிரம் ஆனால் அப்போது மரம் வேண்டும்தானே என்று ஆரம்பித்துவிட்டார். ஆயிரம் ஆகட்டும், அப்போது அளந்து பார்ப்போம் என்கிறாள் இவள். மூன்று மாதத்தில் ஒரு மாதம் போயிற்று. அவள் பேச்சில் பழைய வேகம் இருக்கிறது. எனக்கு அது போதும் என்று சொல்ல ஆசை, ஆனால் போதவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் எழுதியதில் ரவுட்டிங் பற்றிச் சொன்னது எல்லாம் காதால் கேட்டதுதான். நானூறு வரியை மேலிருந்து கீழே பார்ப்பது, மரம், ஒன்பது எழுத்து, இதெல்லாம் சரிதானா, அந்தத் தம்பியின் கட்சியைக் குறைத்துச் சொல்லிவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. மகளிடமோ அவரிடமோ காட்டிக் கேட்கலாம்தான். இரண்டு பேராலும் இதைப் படிக்க முடியாது. தமிழும் இந்த வேலையும் தெரிந்த யாராவது ஒருவர், அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை சரி பார்த்துக் கொடுங்கள்.